காய்ச்சலுக்குப் பிறகு அறளை கூடுவது ஏன்?

முதுமையில் நினைவு தடுமாறத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் "அறளை பெயர்ந்திட்டுது" என்பார்கள். அந்தப் பேச்சோடு இன்னொன்றும் அடிக்கடி சேர்ந்து வரும்: "சலத்தில கிருமி எண்டு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவ. அதுக்குப் பிறகுதான் ஒருத்தரையும் மட்டுக்கட்டேல்லை." காய்ச்சல் விட்டிருக்கும், சலப் பரிசோதனையும் சுத்தமாக வந்திருக்கும். ஆனால் அம்மம்மா பழைய அம்மம்மாவாகத் திரும்பியிருக்க மாட்டார்.

குடும்பத்தவர் கவனித்தது சரிதான். இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் அல்சைமர் நோயுள்ள 300 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதையே அளந்து காட்டியது. அந்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது தொற்றோ காயமோ வந்தவர்களின் அறிவாற்றல், வராதவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே இரத்தத்தில் ரி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்தவர்களில் சரிவு நான்கு மடங்கு வேகம். அது குறைவாகவே இருந்துவந்தவர்களோ அந்த ஆறு மாதத்தில் ஏறக்குறைய சரியவே இல்லை. சிறுநீர்ப்பையில் வந்த தொற்று மூளையின் நினைவைத் தின்பது எப்படி? விடை, மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நிர்ப்பீடனக் கலங்களில் இருக்கிறது. அவற்றின் பெயர் நுண்கிளியா.

பெயரை 1919 இல் வைத்தவர் மாட்ரிட்டில் வேலை செய்த பீயோ டெல் ரீயோ ஓர்த்தேகா. வெள்ளிக் காபனேற்றுச் சாயம் ஏற்றி, அதுவரை யாரும் தெளிவாகப் பிரித்துப் பார்க்காத சிறிய, கிளைவிட்ட கலங்களை அவர் நுணுக்குக்காட்டியில் காட்டினார். மேலைத்தேய மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் 1873 இல் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனபோது, இந்தக் கலத்துக்கு எந்த மொழியிலும் பெயர் இருக்கவில்லை. இன்று நரம்புச் சிதைவு நோய்களைப் பற்றிய எந்தப் பேச்சும் இதைத் தொடாமல் முடிவதில்லை.

நுண்கிளியா மூளையில் பிறந்ததல்ல. இரத்தத்தில் ஓடும் வெண்கலங்கள் என்பு மச்சையில் உருவாகின்றன. நுண்கிளியாவின் முன்னோடிகள் அதற்கு முன்பே, முளையத்தின் கருவூண் பையில் தோன்றி, மூளை உருவாகிக்கொண்டிருக்கும்போதே உள்ளே புகுந்து குடியேறிவிடுகின்றன. பிறகு அங்கேயே பிரிந்து பெருகித் தம் தொகையைக் காத்துக்கொள்கின்றன. மனித மூளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 28 வீதம் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு கலத்தின் சராசரி வயது 4.2 ஆண்டு. தோலிலோ குடலிலோ உள்ள கலங்கள் நாள்கணக்கிலோ கிழமைக்கணக்கிலோ மாறும்போது, இவை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து தாம் கண்டதையெல்லாம் சுமக்கின்றன. ஒருமுறை அழற்சிக்கு ஆளான கலம் அடுத்த முறை வேறுவிதமாக நடந்துகொள்வதற்கு இந்த நீண்ட ஆயுள் ஒரு காரணம்.

நெடுங்காலம் இவற்றை, தொற்று வரும்வரை உறங்கும் கலங்கள் என்றே எண்ணியிருந்தார்கள். 2005 இல் உயிருள்ள சுண்டெலியின் மூளையை இருபோட்டன் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோது அந்த எண்ணம் உடைந்தது. கலத்தின் உடல் அசையாமல் நிற்க, கிளைகள் மட்டும் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் அயலைத் தடவிக்கொண்டே இருந்தன. சில மணித்தியாலத்துக்குள் மூளை இழையம் முழுவதையும் அவை ஒருதடவை தொட்டுப் பார்த்துவிடுகின்றன. லேசர் கதிரால் ஒரு புள்ளியைச் சுட்டால், சில நிமிடத்திலேயே சுற்றியுள்ள நுண்கிளியாக்கள் கிளைகளை நீட்டி அந்தக் காயத்தை மூடிக்கட்டுகின்றன. இறந்த கலத்தை விழுங்குவது, பயன்படாத நரம்பிணைப்புகளைக் கத்தரிப்பது, கழிவுப் புரதத்தை அகற்றுவது எல்லாம் இவற்றின் அன்றாட வேலை.

ஆகவே "மூளை அழற்சி" என்ற சொல்லைக் கேட்டவுடன் கெட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இந்தத் துறையில் நடந்த பெரும் பிழைகள் பலவும் அந்த அவசர முடிவில் இருந்துதான் வந்தன.

காவல் எங்கே தீங்காக மாறுகிறது?

அல்சைமர் நோயில் அமிலோயிட் என்ற புரதம் நரம்புக்கலங்களுக்கு வெளியே கட்டி கட்டியாகப் படிகிறது. நுண்கிளியா முதலில் செய்வது சரியான வேலைதான். ட்றெம்-2 என்ற வாங்கியால் (கலத்தின் மேற்பரப்பில் செய்தி பெறும் புரதத்தால்) படிவை உணர்கிறது, நெருங்கிச் சூழ்கிறது, விழுங்க முயல்கிறது, விழுங்க முடியாததை இறுக்கி மூடி, கூரான விளிம்புகள் அயல் நரம்புகளைக் குத்தாமல் வேலி போடுகிறது. இந்த வாங்கியின் பரம்பரையலகில் ஒரேயொரு எழுத்து மாறினால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று 2012 இன் இறுதியில் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. துறையின் போக்கையே திருப்பிய கண்டுபிடிப்பு அது. அதுவரை நோயின் பக்கவிளைவாகவே கருதப்பட்ட கலம், நோய் வருமா என்பதையே தீர்மானிப்பவற்றுள் ஒன்று என்று தெரிந்தது. மாறுபாடு வேலையைக் கூட்டவில்லை, குறைத்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். காவல் தளர்ந்ததால் வந்த ஆபத்து அது.

படிவு ஆண்டுக்கணக்கில் தொடரும்போது இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கலத்துக்குள் என்.எல்.ஆர்.பி-3 என்ற ஒரு புரதம் உண்டு. அது வேலைசெய்ய இரண்டு சைகைகள் தேவை. முதற்சைகை வந்ததும் இன்ரர்லூக்கின்-1பீற்றாவின் மூலவடிவம் உருவாகிக் காத்திருக்கும். விழுங்கிய அமிலோயிட் கலத்தின் செரிமானப் பைகளைக் கிழித்தால் அது இரண்டாம் சைகை. உடனே என்.எல்.ஆர்.பி-3 மூலக்கூறுகள் ஒன்றுகூடி ஒரு பொறியை அமைக்கின்றன. அது ஒரு நொதியத்தை இயக்க, காத்திருந்த மூலவடிவம் வெட்டப்பட்டு வீரியமான இன்ரர்லூக்கினாக வெளியே கொட்டுகிறது. அமிலோயிட் படியும்படி மரபு மாற்றிய சுண்டெலிகளில் இந்தப் பொறியை நீக்கியபோது படிவும் குறைந்தது, நினைவும் காக்கப்பட்டது என்று ஜேர்மனியின் பொன் நகர ஆய்வாளர்கள் 2013 இல் காட்டினார்கள். நான்கு ஆண்டுகளின் பின் அவர்கள் கண்டது இன்னும் கவலைக்குரியது. அந்தப் பொறியின் துணுக்குகள் கலத்தைவிட்டு வெளியேறி, அவற்றின்மேல் புதிய அமிலோயிட் திரள்கிறது. குப்பை அள்ளப் போன கலம், அள்ளும் முயற்சியிலேயே அடுத்த குப்பைக்கு விதை போடுகிறது.

மூன்றாவது தீங்கு நரம்பிணைப்பில். குழந்தைப் பருவத்தில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிக்க, சி1கியூ, சி3 ஆகிய நிரப்புப் புரதங்கள் அவற்றின்மேல் அடையாளமிடுகின்றன. நுண்கிளியா அடையாளத்தைப் பார்த்து விழுங்குகிறது. வளர்ந்தபின் ஓயவேண்டிய இந்த வேலை அல்சைமர் மாதிரிச் சுண்டெலிகளில், படிவுகள் கண்ணுக்குத் தெரியும் முன்பே மீண்டும் தொடங்கிவிடுகிறது என்று 2016 இல் தெரியவந்தது. நினைவின் இழப்போடு மிக நெருங்கிப் பொருந்துவது இணைப்புகளின் இழப்பு. ஆகவே மூன்று தீங்குகளிலும் மிகக் கனமானது இதுவே என்பது எங்கள் கணிப்பு.

இனி அம்மம்மாவின் சலக்கிருமிக்கு வருவோம். உடலில் தொற்று வந்தால் மூளைக்குத் தெரியவேண்டும். இரத்தக்குழாய்ச் சுவர்கள் வழியாகவும் அலைநரம்பு வழியாகவும் செய்தி போகிறது. அதைக் கேட்டு நுண்கிளியா சிறிதளவு சுரக்கும் பொருட்களால்தான் காய்ச்சலில் நமக்குப் பசி போகிறது, சோர்ந்து படுக்கிறோம், யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. சுகதேகியில் இது மூன்று நாளில் அடங்கும், தீங்கில்லை. ஏற்கெனவே அமிலோயிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நுண்கிளியாவின் நிலை வேறு. அதன் மேற்பரப்பில் வாங்கிகள் கூடியிருக்கின்றன, முதற்சைகை ஏற்கெனவே விழுந்திருக்கிறது. ஆய்வாளர்கள் இதைத் தயார்நிலைக் கலம் என்கிறார்கள். அதே காய்ச்சற் செய்திக்கு அது பலமடங்கு பதில் கொடுக்கிறது. சிதைவு நோய் தொடங்கிய எலிக்கும் சுகமான எலிக்கும் ஒரே அளவு பற்றீரியா நச்சைக் கொடுத்து அயர்லாந்து, இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2005 இல் ஒப்பிட்டார்கள். நோயுற்ற மூளையில்தான் இன்ரர்லூக்கின் பொங்கியது, நரம்புக்கலங்கள் கூடுதலாக இறந்தன. வெளியே தொற்று அடங்கினாலும் உள்ளே இறந்த கலம் திரும்பாது. ஆளை மட்டுக்கட்டாமற் போவது அதனால்தான்.

பார்க்கின்சனும் தோட்டமும்

நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில் இறப்பவை, நடுமூளையின் கருநிறப் பகுதியில் டோபமின் சுரக்கும் கலங்கள். அந்தப் பகுதியில் நுண்கிளியா இயல்பாகவே அடர்த்தி. இறந்த நோயாளிகளின் மூளையில் கிளர்ந்த நுண்கிளியாக்களை வன்கூவர் நகரத்து மக்கீர் தம்பதியர் 1988 இல் சாயமேற்றிக் காட்டினார்கள். ஆனால் நோயால் அழற்சியா, அழற்சியால் நோயா என்ற கேள்வி நின்றது. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு விடையைக் கொடுத்தது கலிபோர்னியாவில் நடந்த ஒரு துயரம். 1982 இல் பிழையாகத் தயாரித்த போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.ரி.பி என்ற நச்சு சில இளைஞர்களுக்கு நாட்கணக்கில் பார்க்கின்சனைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அதே நச்சுக்கு ஆளான மூவரின் மூளைகளை, நச்சு பட்டு 3 முதல் 16 ஆண்டுக்குப் பிறகு இறந்தபின் பரிசோதித்தார்கள். நச்சு எப்போதோ உடலைவிட்டுப் போய்விட்டது. நுண்கிளியாக்களோ இன்னும் கிளர்ந்தபடி கலங்களை மொய்த்திருந்தன. தொடக்கியது நீங்கியபின்னும் அழற்சி தன்னைத்தானே நடத்திக்கொள்ளக்கூடும் என்பதற்கு மனிதரில் இதைவிட வலுவான சாட்சி அரிது.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் செய்பவர்களுக்கு இதில் நேரடியான செய்தி உண்டு. எம்.பி.ரி.பி உடலில் மாறி உண்டாகும் பொருளும், பரகுவாட் என்ற களைகொல்லியும் வேதியியல் வடிவில் நெருங்கியவை. கிறமக்சோன் என்ற பெயரில் பலர் அறிந்த மருந்து அது. சுண்டெலிக்குப் பரகுவாட்டை ஒருதடவை கொடுத்தால் டோபமின் கலம் இறப்பதில்லை, நுண்கிளியா மட்டும் கிளர்கிறது. இரண்டாம் தடவை கொடுத்தால் கலங்கள் இறக்கின்றன. முதற்தடவையின் கிளர்ச்சியை அடக்கிவிட்டால் இரண்டாவதன் சேதமும் நடப்பதில்லை. அமெரிக்க விவசாயத் தொழிலாளரிடம் பரகுவாட் பாவித்தவர்களில் பார்க்கின்சன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டதாக 2011 இல் வெளியானது. இலங்கையில் அது 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாக நீக்கப்பட்டது. நஞ்சருந்தி இறப்போரைக் குறைக்கவே அந்த முடிவு எடுக்கப்பட்டது. ஆனாலும் முப்பது ஆண்டு தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு அந்தக் காலம் உடலில் இருக்கிறது. வாசனை தெரியாமற் போவது, நித்திரையில் கையைக் காலை உதறிக் கத்துவது, தீராத மலச்சிக்கல் ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே வரக்கூடியவை. அப்படியானவர் கிளினிக்கில் தான் மருந்தடித்த காலத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்றும் தெளிப்பவர்கள் காற்றுத் திசைக்கு எதிரே நடக்கக்கூடாது, நனைந்த சட்டையோடு நாள் முழுக்க நிற்கக்கூடாது.

இயக்க நரம்புச் சிதைவு நோயில் ஓர் ஆய்வை மட்டும் சொல்லிக் கடக்கலாம். நோய்க்குரிய பரம்பரையலகு மாற்றத்தை எலியின் நுண்கிளியாவிலிருந்து மட்டும் நீக்கினார்கள். நோய் தொடங்கிய வயது மாறவில்லை. தொடங்கியபின் பரவும் வேகம் குறைந்து ஆயுள் நீண்டது. தொடக்குவது நரம்புக்கலத்தில், வேகத்தை முடிவுசெய்வது நுண்கிளியா என்ற வேலைப்பங்கீடு அதில் தெளிவாகத் தெரிகிறது.

அழற்சியை அடக்கினால் போதாதா?

போதாது என்பதை மருத்துவம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. மூட்டுவாதத்துக்கு நெடுங்காலம் வலிநிவாரணி எடுத்தவர்களில் அல்சைமர் குறைவு என்று 1990 களில் இருந்தே கவனித்திருந்தார்கள். அதை நம்பி 70 வயதுக்கு மேற்பட்ட 2,528 பேரைச் சேர்த்து, நப்ரொக்சென், செலிக்கொக்சிப் என்ற இரு குளிசைகளையும் வெற்றுக் குளிசையையும் ஒப்பிட்டார்கள். இதயப் பாதிப்பு அச்சத்தால் 2004 டிசெம்பரில் மருந்தை நிறுத்தவேண்டி வந்தது, பாதுகாப்பும் தென்படவில்லை. மறதி ஏற்கெனவே தொடங்கியிருந்தவர்களில் ஆரம்பத்தில் நிலை மோசமாகக்கூடப் போனது. பிரெட்னிசோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்தும் பலிக்கவில்லை. நுண்கிளியாவைத் தணிக்கும் என்று நம்பிய மினோசைக்கிளினை இயக்க நரம்புச் சிதைவு நோயாளர் 412 பேரில் சோதித்தபோது, எடுத்தவர்கள் 25 வீதம் விரைவாகச் சரிந்தார்கள். எலியில் வேலைசெய்த மருந்து மனிதனுக்குத் தீங்கு செய்தது.

எதிர்த்திசை முயற்சியும் தோற்றது. ட்றெம்-2 வாங்கியைத் தட்டியெழுப்பும் பிறபொருளெதிரி ஒன்று ஆரம்பநிலை அல்சைமரில் பயன் தரவில்லை என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள். கூட்டினாலும் பிழை, குறைத்தாலும் பிழை என்றால் கலத்தைப் பற்றிய அறிவே தவறா? இல்லை. நோயின் முதற் பத்தாண்டில் இந்தக் கலம் வேலி போடுகிறது, பிற்காலத்தில் இணைப்பைத் தின்கிறது. ஒரே மூளைக்குள் ஒரு மூலையில் காவலும் இன்னொரு மூலையில் சேதமும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வாய்வழி போகும் குளிசைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அறிகுறி வந்து கொடுக்கும் மருந்து பெரும்பாலும் பதினைந்து ஆண்டு பிந்தியது என்பதும் உண்டு. நல்ல நுண்கிளியா, கெட்ட நுண்கிளியா என்று எம்1, எம்2 எனப் பிரித்த பழைய வகைப்பாட்டையும் துறையினர் கைவிட்டுவிட்டார்கள்.

இன்று அங்கீகாரம் பெற்றிருக்கும் லெக்கானிமாப் என்ற அல்சைமர் மருந்துகூட நுண்கிளியாவின் கையால்தான் வேலைசெய்கிறது. பிறபொருளெதிரி அமிலோயிட்டைப் பிடித்துக்கொள்ள, அதன் வாற்பகுதியைப் பற்றி நுண்கிளியா விழுங்குகிறது. 18 மாதத்தில் சரிவின் வேகம் 27 வீதம் குறைந்தது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி, நோய் நிற்கவில்லை. 12.6 வீதமானோருக்கு மூளை வீக்கம் எம்.ஆர்.ஐ படத்தில் தெரிந்தது. தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கொரு தடவை நாளத்தில் ஏற்றவேண்டும், முதல் மாதங்களில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ எடுக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் "அம்மாவுக்கு அந்த ஊசியை எடுப்பம்" என்று கேட்கும்போது இந்தக் கணக்கு முழுவதையும் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆரம்பநிலை தாண்டியவர்களுக்கு அது உரியதே அல்ல.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. குர்க்குமின் ஆய்வுகூடத் தட்டில் நுண்கிளியாவைத் தணிக்கிறது, உண்மை. ஆனால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அல்சைமர் நோயாளரில் செய்த சோதனைகளில் பயன் தெரியவில்லை. கறியில் போடுங்கள், குளிசையாக வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றை "மூளை அழற்சிக்கு" என்று தாமாக வாங்கிக் கொடுப்பது அதைவிட மோசம். நீரிழிவும் அழுத்தமும் உள்ள எழுபது வயதுச் சிறுநீரகம் அதைத் தாங்காது.

மூளையின் அழற்சியை அளக்க அன்றாட இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சி.ஆர்.பி உடலின் அழற்சியைச் சொல்லும், மூளையினதைச் சொல்லாது. பெற் ஸ்கானில் பயன்படும் ரி.எஸ்.பி.ஓ என்ற குறி நுண்கிளியாவுக்கு மட்டும் உரியதல்ல. அதோடு, பரம்பரை வேறுபாட்டால் சிலரில் அது சரியாக ஒட்டுவதுமில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

உள்ளே இருக்கும் கலத்தை இன்று நம்மால் திருத்த முடியாது. வெளியிலிருந்து அதற்குப் போகும் செய்தியைக் குறைக்க முடியும். முதுமறதியுள்ளவரைப் பராமரிக்கும் வீட்டில் முதலிடம் தொற்றுத் தடுப்புக்குத்தான்.

வயதானவரின் உடம்பு எப்போதும் கொதிக்காது. வாயில் அளந்து 37.8 பாகை செல்சியசு ஒருதடவை வந்தாலோ, அவரின் வழமையைவிட 1.1 பாகை கூடினாலோ அது காய்ச்சல்தான். சுகமான நாளில் காலையில் அளந்து எழுதி வைத்திருந்தால்தான் வழமை எது என்று தெரியும். நிமிடத்துக்கு 25 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் நெஞ்சுச்சளியை நினையுங்கள், இருமல் இல்லாவிட்டாலும்.

ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பம் அறளை அல்ல. அது சன்னி, அவசர நிலை. நேற்றுவரை மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லக்கூடியவர் இன்று இரண்டாவதிலேயே தொலைந்துபோனால் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கத்திக் குழப்பம் செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் தூங்கிக்கொண்டே இருப்பவரைத்தான் "களைப்பாக்கும்" என்று விட்டுவிடுகிறோம், அதுவும் சன்னியே. தொற்றோடு இரத்தச் சீனியும் சோடியமும் பார்க்கவேண்டும், மலம் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தடிமனுக்குக் கொடுத்த குளோர்பெனிரமின், நித்திரைக்குக் கொடுத்த அமிற்றிரிப்ரிலின் போன்ற குளிசைகளும் இதைச் செய்யும். அதனால் வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது.

எதிர்ப்பக்கப் பிழையும் நடக்கிறது. முதியவர்களின் சலத்தில், குறிப்பாகப் பெண்களில், நோயே இல்லாமல் பற்றீரியா இருப்பது சாதாரணம். அறிக்கையில் கிருமி என்று வந்துவிட்டதால் மட்டும் அன்ரிபயோற்றிக் தொடங்கினால் உண்மையான காரணம் தேடப்படாமல் போகும். எரிவு, காய்ச்சல், அடிவயிற்று நோ என்று ஏதாவது சேர்ந்திருக்கவேண்டும்.

நாளுக்குப் பெண்ணுக்கு 1.6, ஆணுக்கு 2 லீற்றர் அளவு பானம், இதயமோ சிறுநீரகமோ பழுதென்று வைத்தியர் மட்டுப்படுத்தியிராவிட்டால். தாகம் தெரியாதவர் கேட்கமாட்டார். ஒவ்வொரு தடவை அறைக்குள் போகும்போதும் அரைத் தம்ளர் கொடுப்பதே பலிக்கும். சாப்பாட்டின்போது நிமிர்த்தி இருத்தி, முடிந்தபின் அரை மணித்தியாலம் படுக்கவிடாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போகும் சோறே பல நெஞ்சுத் தொற்றுகளின் தொடக்கம். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவி, ஈறையும் துடைக்கவேண்டும். எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வையுங்கள். குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடி மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். இன்புளுவென்சா, நியூமோகொக்கல் தடுப்பூசிகள் கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள். அக்கிக்கான தடுப்பூசி முதுமறதியை ஏழு ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததாக வேல்ஸ் நாட்டுப் பதிவேடுகளிலிருந்து 2025 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எந்த வழியால் குறைந்தது என்பது அதில் நிறுவப்படவில்லை, ஆனால் ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது.

இன்னும் மறதி தொடங்காத நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்குச் சீனி, அழுத்தம், கொலஸ்திரோல், புகைத்தல், காது கேளாமை, கண் மங்கல் எல்லாம் இதே கணக்கில் வருகின்றன. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் இப்படியான 14 காரணிகளைப் பட்டியலிட்டு, உலகின் முதுமறதியில் ஏறத்தாழ 45 வீதம் அவற்றோடு தொடர்புடையது என்றது. கற்றராக்ட் சத்திரசிகிச்சையை "இந்த வயதில ஏன்" என்று தள்ளிப்போடும் வீடுகள் அதைக் கவனிக்கவேண்டும்.

கடைசியாக ஒரு கொப்பி. ஒவ்வொரு தொற்றின் திகதி, கொடுத்த மருந்து, அதற்கு முதற்கிழமை அவரால் என்ன செய்ய முடிந்தது (தானாகக் குளித்தாரா, தேத்தண்ணி போட்டாரா, யாரை மட்டுக்கட்டினார்), ஒரு மாதத்துக்குப் பிறகு என்ன முடிகிறது. ஒரு தொற்றுக்குப் பிறகு எவ்வளவு திரும்பியது, எவ்வளவு திரும்பவில்லை என்பதை வைத்தியருக்கு வேறெந்தப் பரிசோதனையும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.